ரிப்போர்ட்டில் ‘எம்-பேண்ட்’: பயப்படுவதற்கு முன் கேட்க வேண்டியவை

முதுகுவலி என்றோ கால் மரத்துப்போகிறது என்றோ டாக்டரிடம் போகிறோம். மற்ற ரத்தப் பரிசோதனைகளோடு சீரம் புரோட்டீன் எலக்ட்ரோபோரெசிஸ் என்று ஒன்றையும் எழுதித் தருகிறார். ரிப்போர்ட்டில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு. இடது ஓரத்தில் அல்புமினின் உயரமான முகடு. வலது கோடியில், தாழ்ந்து அகன்றிருக்க வேண்டிய காமா பகுதியில், குறுகலாகக் கூர்த்து நிற்கும் இன்னொரு முகடு. கீழே ‘எம்-பேண்ட் காணப்படுகிறது’ என்று ஒரு வரி. வீடு வந்து சேர்வதற்குள் செல்போனில் தேடி, ‘ரத்தப் புற்றுநோய்’ என்பதைப் படித்துவிடுகிறோம்.

எலும்பு மஜ்ஜையில் ஒரே வகைப் பிளாஸ்மா செல்கள் பெருகி, ஒரே மாதிரியான புரதத்தைச் சுரப்பதால் வருவது அந்த முகடு. இந்த எம்-புரதம் டெசிலிட்டருக்கு 3 கிராமுக்குக் கீழே இருந்து, மஜ்ஜையில் அந்தச் செல்கள் 10 சதவீதத்துக்கும் குறைவாக இருந்து, எலும்பு, சிறுநீரகம், ஹீமோகுளோபின், கால்சியம் எதிலும் இதனால் பாதிப்பு இல்லையென்றால் அந்த நிலைக்கு எம்.ஜி.யு.எஸ். என்று பெயர். 1978-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர் ராபர்ட் கைல் வைத்த பெயர் இது. இது புற்றுநோய் அல்ல, மல்டிபிள் மைலோமா என்ற புற்றுநோய்க்கு முந்தைய படி. மைலோமா வந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் இந்தப் படியைத் தாண்டி வந்தவர்களே. ஆனால் இந்தப் படியில் நிற்பவர்களில் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் பேர்தான் மேலே போகிறார்கள். இந்த இரண்டில் முன்னதை மட்டும் படிப்பவர்கள்தான் நடுங்கிப்போகிறார்கள்.

இந்த நிலை யாருக்கு எப்படித் தெரிய வருகிறது என்பதுதான் முக்கியமான கேள்வி. எம்.ஜி.யு.எஸ்.ஸுக்கு அறிகுறி கிடையாது. வேறு உபாதைக்காகப் போனவர்களிடம்தான் பெரும்பாலும் அகப்படுகிறது. ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு ஊரில் எத்தனை பேருக்கு மூட்டுவலி என்று எண்ணினால் என்ன கணக்கு வரும்? இங்கும் அதுவே நடந்தது. எம்.ஜி.யு.எஸ்.ஸோடு சேர்ந்து வருவதாக 75 நோய்கள் மருத்துவ ஏடுகளில் சொல்லப்பட்டிருந்தன. மினசோட்டா மாநிலத்தின் ஓம்ஸ்டெட் கவுண்டியில், நோயாளி என்று பார்க்காமல் ஊர்மக்கள் 17,398 பேரின் ரத்தத்தைச் சோதித்து 2009-இல் ஒப்பிட்டபோது, அவற்றில் 14 மட்டுமே நிலைத்தன. மற்றவற்றில் பல, அந்த நோய் இருந்தவர்களுக்கு அதிகமாக ரத்தப் பரிசோதனை செய்யப்பட்டதால் தோன்றிய உறவுகளாகவே இருந்திருக்க வேண்டும். நிலைத்தவற்றில் எலும்பு முறிவுத் தொடர்பும் ஒன்று. அதை அலட்சியம் செய்யக் கூடாது.

அதே ஊரில் 50 வயது தாண்டியவர்களில் 3.2 சதவீதம் பேருக்கு இந்த நிலை இருந்தது. ஆனால் அங்கே ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர்கள். கானா நாட்டு ஆண்களிடம் அது ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. மினசோட்டாவின் எண்ணை மதுரைக்கோ மட்டக்களப்புக்கோ அப்படியே தூக்கி வர முடியாது.

அடுத்த பொறி இன்னும் நுட்பமானது. ஸ்வீடனில் மைலோமா நோயாளிகள் 14,798 பேரின் பதிவுகளைப் பார்த்தார்கள். எம்.ஜி.யு.எஸ். இருப்பது முன்பே தெரிந்திருந்தவர்கள் வெறும் 2.7 சதவீதம். மைலோமா உறுதியான பின் அவர்கள் வாழ்ந்த காலத்தின் இடைநிலை அளவு 2.8 ஆண்டுகள், மற்றவர்களுக்கு 2.1 ஆண்டுகள். முன்கூட்டிக் கண்டுபிடித்தால் ஆயுள் கூடும் என்று சொல்லத் தோன்றும். ஆனால் 70 வயதில் இறக்கப்போகும் இருவரில் ஒருவருக்கு 67-இலும் மற்றவருக்கு 68-இலும் நோய் உறுதியானால், முதலாமவர் ஓராண்டு கூடுதலாக வாழ்ந்ததாகக் கணக்கு காட்டும். ஆயுளில் ஒரு நாள்கூட ஏறியிருக்காது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் ஐஸ்லாந்து 2016-இல் ஒரு பெரிய முயற்சியில் இறங்கியது. 40 வயது தாண்டிய குடிமக்கள் அனைவரையும் அழைத்தார்கள். 80,000-க்கும் மேற்பட்டோர், அதாவது பாதிக்குச் சற்று அதிகமானோர், கையெழுத்திட்டுச் சேர்ந்தார்கள். எம்.ஜி.யு.எஸ். இருந்தவர்களைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குத் தீவிரக் கண்காணிப்பு, இன்னொன்றுக்கு வழக்கமான கண்காணிப்பு. மூன்றாம் பிரிவினருக்கு முடிவே சொல்லப்படவில்லை. கேட்க மனம் பதறும். ஆனால் தெரிந்துகொள்வதால் நன்மையா, வீண் பயமும் மஜ்ஜைப் பரிசோதனைகளும்தான் மிச்சமா என்பதை அறிய வேறு நேர்மையான வழி இல்லை. இப்படியும் நடக்கலாம் என்பதைச் சொல்லித்தான் சம்மதம் பெற்றார்கள். அந்தச் சம்மதம்தான் இதை நியாயமாக்குகிறது. இதற்கு மாறாக, அதே நாடு 1998-இல், மறுப்புத் தெரிவிக்காதவர்கள் சம்மதித்ததாகவே கொள்ளும் மருத்துவத் தகவல் சட்டம் ஒன்றை இயற்றியது. 2003-இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

இந்த ஆய்விலும் சார்பு முழுக்க ஒழியவில்லை. வேறு காரணத்துக்காக ரத்தம் கொடுக்க வந்தபோதே பலரிடம் மாதிரி எடுக்கப்பட்டது. சேராமல் விட்ட பாதிப்பேர் எப்படிப்பட்டவர்கள் என்ற கேள்வியும் நிற்கிறது. ஆய்வு முடிவு எதைப் படித்தாலும், அதில் யார் விடுபட்டார்கள் என்று பாருங்கள்.

நோய் அறிகுறி இல்லாத எல்லோரையும் இதற்காகச் சோதிக்கும்படி முக்கிய மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கவில்லை. ஹெல்த் செக்கப் பேக்கேஜில் இது இருந்தால், எதற்கு என்று கேட்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். எம்-பேண்ட் வந்துவிட்டால் ரத்தவியல் நிபுணரிடம் மூன்று விவரம் கேளுங்கள்: எம்-புரதம் எவ்வளவு, அது ஐஜிஜி வகையா, ஃப்ரீ லைட் செயின் விகிதம் சரியாக இருக்கிறதா. எம்-புரதம் டெசிலிட்டருக்கு 1.5 கிராமுக்குக் கீழே, ஐஜிஜி வகை, விகிதமும் சரி என்றால் 20 ஆண்டுகளில் நோய் முற்றும் வாய்ப்பு 5 சதவீதம்தான். மூன்றுமே பாதகமாக இருந்தால் 58 சதவீதம்.

இந்தியாவில் உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. மறுத்தால் மாநில மருத்துவ கவுன்சிலில் புகார் செய்யலாம். கட்டணம் கட்டிப் பெற்ற சேவையில் குறை இருந்தால் நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. ஆய்வுக்கு ரத்தம் கேட்டால், உங்களுக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவம் வேண்டும். முடிவைச் சொல்வார்களா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். அதனால் சிகிச்சை குறையக் கூடாது.

ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னால் அந்தத் தேதியைத் தவற விடாதீர்கள். பழைய ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். விடாத எலும்புவலி, காரணமில்லாத ரத்தசோகை, ஏறும் கிரியாட்டினின் என ஏதாவது தெரிந்தால் அந்த ஆறு மாதத்துக்கும் காத்திருக்க வேண்டாம்.