கடலில் மிதக்கும் ஊர்!

குட்டீஸ், மழைக்காலத்தில் வைகையில் தண்ணீர் வந்தால் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்திருப்பீர்கள். கடலைப் பார்க்க ராமேஸ்வரம் போயிருப்பீர்கள். ஆனால், நடுக்கடலில் நீச்சல் குளத்தில் குளித்திருக்கிறீர்களா? அதற்கு சொகுசுக் கப்பலில் ஏற வேண்டும். வாருங்கள், செல்லூரிலிருந்து ஒரு கற்பனைப் பயணம் கிளம்பலாம்!

இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கி, சென்னைத் துறைமுகம் போகிறோம். 2022 ஜூன் 4-ம் தேதி இங்கிருந்துதான் 'எம்ப்ரஸ்' என்ற சொகுசுக் கப்பலின் பயணத்தை முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். 2023 ஜூனில் அது இலங்கையின் காங்கேசன்துறைக்கும் போய் வந்தது.

1990-ல் பிரான்ஸில் கட்டப்பட்ட கப்பல் இது. நீளம் சுமார் 211 மீட்டர். செல்லூர் என்றாலே கபடிதானே! 13 மீட்டர் நீளமுள்ள கபடி ஆடுகளங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால், 16 ஆடுகளங்கள் இதற்குள் அடங்கும். மேலே நோக்கினால் 11 தளங்கள். அம்மாடியோவ்!

முதலில் பயிற்சி!

விமான நிலையம் போலவே இங்கும் பைகளைச் சோதிப்பார்கள். பிறகு கையில் ஒரு அட்டை தருவார்கள். அறைச் சாவி, அடையாள அட்டை இரண்டும் அதுதான். தொலைத்துவிடாதீர்கள்!

ஏறியதும் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓட முடியாது. முதலில் பாதுகாப்புப் பயிற்சி. சங்கு ஏழு முறை சுருக்கமாகவும், ஒரு முறை நீளமாகவும் ஒலித்தால் ஆபத்து என்று அர்த்தம். உடனே உங்களுக்கென்று குறித்த இடத்தில் கூட வேண்டும். ஏன் இவ்வளவு கண்டிப்பு? 1912-ல் டைட்டானிக் மூழ்கியபோது, அதில் இருந்தவர்கள் 2,200-க்கும் அதிகம். உயிர்காப்புப் படகுகளில் இருந்த இடமோ 1,178 பேருக்குத்தான்! அந்தச் சோகத்துக்குப் பிறகே, 1914-ல் கப்பல் பாதுகாப்புக்கு உலக ஒப்பந்தம் வந்தது.

கப்பல் நகர்கிறது. கரை சிறிதாகி மறைகிறது. தலை சுற்றுகிறதா? மேல்தளத்துக்கு வந்து தூரத்து அடிவானத்தைப் பாருங்கள், கொஞ்சம் சரியாகும். கப்பல் அதிகம் ஆடாமல் இருக்க, தண்ணீருக்கடியில் மீன் துடுப்பு போன்ற இரண்டு இறக்கைகளும் உண்டு.

குழாயைத் திறந்தால்...

இனிமேல்தான் ஆச்சரியம்! அறைக் குழாயில் நல்ல தண்ணீர் கொட்டுகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் குளிக்கிறார்கள். சுற்றிலும் உப்புக் கடல். குடிநீர் லாரி இங்கே வராதே!

கடல்நீரைத்தான் நன்னீராக்குகிறார்கள். இன்ஜின் சூட்டில் கடல்நீரை ஆவியாக்கி, அந்த ஆவியைக் குளிரவைப்பது ஒரு முறை. மெல்லிய சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிப்பது இன்னொரு முறை. ஆனால், கரைக்கு அருகே வந்துவிட்டால் பொதுவாக இந்த இயந்திரங்களை நிறுத்திவிடுவார்கள். ஏன் தெரியுமா? கரையோரத் தண்ணீரில் நம் ஊர்களின் கழிவுகள் கலந்திருக்குமே!

அப்படியானால், கப்பலின் குப்பை எங்கே போகும்? அதற்கு 'மார்போல்' என்ற உலக ஒப்பந்தம் இருக்கிறது. கடலில் பிளாஸ்டிக் போட 1988 இறுதியிலிருந்து முழுத் தடை. ஒரு பை கூடப் போடக் கூடாது! மிச்சமான உணவைப் பொடியாக அரைத்தாலும், கரையிலிருந்து குறைந்தது ஐந்தரை கிலோமீட்டர் தாண்டித்தான் விடலாம். எந்தக் குப்பை, எங்கே போனது என்று நோட்டில் எழுதியும் வைக்க வேண்டும்.

ஏமாற்றினால்?

2013-ல் 'கரிபியன் பிரின்சஸ்' என்ற சொகுசுக் கப்பலில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு இன்ஜினியர், ஒரு குறுக்குக் குழாயைக் கவனித்தார். இன்ஜின் அறையில் சேரும் எண்ணெய்க் கழிவைச் சுத்தம் செய்யாமலே கடலில் விட, திருட்டுத்தனமாக மாட்டிய குழாய் அது. அவர் பேசாமல் இருக்கவில்லை. கப்பல் இங்கிலாந்துக் கரையை அடைந்ததும் வேலையை விட்டு இறங்கினார். அதிகாரிகளிடம் சொல்லிவிட்டார். விசாரணை நடந்தது. 2016-ல் அந்தக் கப்பல் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 4 கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது. அப்போதைய மதிப்பில் அது சுமார் 270 கோடி ரூபாய்!

சரி, கற்பனைப் பயணம் முடிந்தது. மறுபடி செல்லூர் வந்துவிட்டோம். இங்கே பந்தல்குடி வாய்க்காலைப் பாருங்கள். அதில் விழும் பிளாஸ்டிக் பை எங்கே போகும்? வைகைக்கு! வாய்க்கால் அடைத்துக்கொண்டால் மழைநீர் எங்கே போகும்? நம் தெருவுக்கு! 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பகுதியில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது நினைவிருக்கிறதா?

நடுக்கடலில் போகிற கப்பலுக்கே ஒரு பை போடத் தடை இருக்கிறது. நம் வாய்க்காலுக்கும் அதே விதியை நாமே போட்டுக்கொள்ளலாமே! இன்று மாலை ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தெருச் சாக்கடை எந்த வாய்க்காலில் சேர்கிறது என்று பெரியவர்களிடம் கேட்டு, ஒரு படம் வரையுங்கள். எங்கே அடைப்பு இருக்கிறது என்று அதில் குறித்து, உங்கள் வகுப்பு ஆசிரியரிடம் காட்டுங்கள்.

அந்த இன்ஜினியர் போல, பார்த்ததைச் சொல்லும் தைரியம் உங்களுக்கும் இருக்கிறதுதானே, குட்டீஸ்?