தளம் உங்களுடையது, முகவரி யாருடையது?

சொந்தமாக இணையத்தளம் தொடங்க எவ்வளவு செலவாகும்? நேயர்கள் முதலில் கேட்பது இதைத்தான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. முகவரி யார் பெயரில் பதிவாகப் போகிறது?

ஈசூனில் வீட்டிலேயே முறுக்கு, அச்சுமுறுக்கு செய்து விற்கும் அக்கா ஒருவரை எனக்குத் தெரியும். உறவுக்காரத் தம்பி ஒருவர் அவருக்குத் தளம் அமைத்துக் கொடுத்தார். நல்ல மனத்தோடுதான் செய்தார். ஆனால் ‘டாட் காம்’ முகவரியைத் தம் பெயரிலும், தம் மின்னஞ்சலிலும், தம் கடன் அட்டையிலும் பதிந்துவிட்டார். பிறகு வேலைக்காக வெளிநாடு போனார். அட்டை காலாவதியானது. புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் யாரும் திறக்காத பழைய மின்னஞ்சலுக்கே போயின. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது தளம் காணாமல் போனது. டப்பாக்களில் எல்லாம் அந்த முகவரிதான் அச்சாகியிருந்தது! “நானே பணம் கட்டுகிறேன்” என்று அக்கா கேட்டும் பலனில்லை. பதிவேட்டில் உரிமையாளர் அவர் அல்லரே. தம்பியைத் தேடிப் பிடித்துக் கூடுதல் கட்டணம் கட்டி மீட்பதற்குள் தீபாவளி முடிந்துவிட்டது.

முகவரியை நாம் வாங்குவதில்லை, ஆண்டுக் கணக்கில் வாடகைக்கு எடுக்கிறோம். ‘டாட் காம்’ தவணை தவறினால், பதிவு நிறுவனம் சில நாள் அவகாசம் தரலாம். முகவரியை அது நீக்கிய பிறகு, மீட்க 30 நாள் உண்டு, கட்டணமும் அதிகம். அதற்குப் பின் 5 நாள் கழித்து யார் வேண்டுமானாலும் அதை எடுத்துக்கொள்ளலாம்.

உள்ளூர் வாடிக்கையாளர்களை நம்பித் தொழில் செய்வோருக்கு ‘டாட் எஸ்ஜி’யும் பொருத்தமே. சிங்பாஸ் மூலம் அடையாளத்தை உறுதிப்படுத்தச் சொல்வார்கள்; சற்றுத் தொல்லைதான், ஆனாலும் பாதுகாப்பு. ‘டாட் சிங்கப்பூர்’ என்று தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரியும் 2011ல் வந்தது. நம் கடைக்காரர்கள் அதை அதிகம் கண்டுகொள்ளவில்லையே என்பது என் ஆதங்கம்.

அடுத்தது, தளத்தைக் குடிவைக்கும் இடம். பழகிப் பார்க்க இலவச இடம் போதும், தொழிலுக்கு வேண்டாம். ஒரு காலத்தில் உலகமே குடியிருந்த ஜியோசிட்டீஸ் சேவையை யாஹூ 2009ல் அமெரிக்காவில் மூடியபோது, எத்தனையோ பேரின் பக்கங்கள் அதோடு போயின. கட்டணம் செலுத்தும் இடமானாலும் மாதம் ஒரு முறை தளத்தின் நகலை உங்கள் கணினியில் எடுத்து வையுங்கள்.

வடிவமைப்பைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். வேர்ட்பிரஸ் போன்ற இலவச மென்பொருள் போதும். விலை, தொலைபேசி எண், திறந்திருக்கும் நேரம் ஆகியவை கைப்பேசியில் பார்த்ததும் தெரிய வேண்டும். சென்ற ஆண்டின் விலைப்பட்டியல் மட்டும் தொங்கக் கூடாது.

ஏற்கெனவே தளம் வைத்திருப்போர், பதிவு நிறுவனத்தின் கணக்கில் தாங்களே நுழைய முடிகிறதா என்று இன்றே பாருங்கள். முடியவில்லை என்றால், அமைத்துக் கொடுத்தவர் ஊரில் இருக்கும்போதே உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள்.