பிழைக்கும் ஒரு விலை உண்டு!

அச்சுத் தொழில்நுட்பம் படிக்கிற எங்களுக்கு முதல் வருஷத்திலேயே மனசில் பதிந்துவிடும் பாடம் ஒன்று. பிழை விழுந்த தாள் குப்பைக் கூடைக்கு! ஆனால் அமெரிக்காவில் பிழை விழுந்த சில அட்டைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பாதுகாக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகணும் நண்பர்களே!

பேஸ்பால் என்றால் அந்த நாட்டில் உயிர். ஆட்டக்காரர்களின் படம் போட்ட சின்னச் சின்ன அட்டைகளை முதலில் சிகரெட் பெட்டியிலும், பிற்பாடு பபிள்கம்மோடும் வைத்து விற்றார்கள். அச்சடித்ததோ லட்சக்கணக்கில். பிழை வராமலா இருக்கும்? அந்தப் பிழைகளை உற்றுப் பார்த்தால், டாக்டர் நாடி பார்க்கிற மாதிரி, கோளாறு எந்தக் கட்டத்தில் நடந்தது என்று சொல்லிவிடலாம். வாருங்கள், பார்ப்போம்!

எழுத்தில்...

1909 முதல் 1911 வரை வந்த ‘டி 206’ என்ற சிகரெட் அட்டை வரிசையில் ஷெரி மேகி என்ற ஆட்டக்காரரின் அட்டை ஒன்று. ஆங்கிலத்தில் இரண்டு ‘ஈ’ எழுத்தில் முடிய வேண்டிய பெயர் ‘ஐ, ஈ’ என்று முடிந்துவிட்டது. சீக்கிரமே திருத்திவிட்டார்கள். அதனால் பிழையோடு தப்பிப் பிழைத்தவை கொஞ்சம்தான். இன்று அந்த ஒரு எழுத்துக்குப் பெரிய விலை!

நெகடிவில்...

1957-ல் டாப்ஸ் கம்பெனி வெளியிட்ட ஹாங்க் ஆரன் அட்டையில், வலது கை ஆட்டக்காரரான அவர் இடது கையால் ஆடுகிறார்! சட்டையிலுள்ள 44 என்ற எண்ணும் கண்ணாடியில் தெரிவதுபோல் தலைகீழ்ப் பக்கமாக இருக்கிறது. நெகடிவைப் புரட்டி வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

பிளேட்டில்...

நான்கு வண்ண ஆஃப்செட்டில் சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பிளேட். 1982-ல் டாப்ஸ் அட்டைகள் சிலவற்றில் கறுப்பு மையே ஏறவில்லை. வீரரின் கையெழுத்து மாயம்! 1990-ல் ஃபிராங்க் தாமஸ் அட்டைகள் சிலவற்றில் முன்பக்கம் பெயரையே காணோம். கறுப்புப் பிளேட்டில் அந்த இடத்தை மட்டும் ஏதோ மறைத்திருக்கிறது. எப்படித் தெரிந்தது? சேகரிப்பாளர்கள் அதே ஷீட்டில் பக்கத்திலிருந்த அட்டைகளைத் தேடிப் பிடித்தார்கள். அவற்றிலும் கறுப்புக் கோடுகள் அங்கங்கே அறுந்திருந்தன. ஷீட்டில் இருந்த வரிசைப்படி அடுக்கியதும், மறைத்த பொருளின் உருவமே தெரிந்துவிட்டது. துப்பறியும் கதை மாதிரி இல்லை?

இப்போது ஒரு கேள்வி. ஆரன் அட்டையில் உள்ள பிழை எவ்வளவு பெரியது! மேகி அட்டையில் ஒரே எழுத்து. ஆனாலும் பிழைக்காகத் தனி விலை கிடைப்பது மேகிக்குத்தான். ஏன்?

ஆரன் அட்டையை யாருமே திருத்தவில்லை. அச்சான அத்தனையும் இடது கைதான். மேகியின் அட்டையிலோ ஒருவர் கண்ணில் அது பட்டது. வேலையை நிறுத்தித் திருத்தினார்கள். எவ்வளவு சீக்கிரம் பிடித்தார்களோ, அவ்வளவு அபூர்வம். யோசித்துப் பார்த்தால், இன்றைக்கு அந்த அட்டைக்குக் கொடுக்கிற விலை, பெயர் தெரியாத அந்தத் தொழிலாளியின் கூர்மையான கண்ணுக்குக் கொடுக்கிற விலை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அட்டை விளையாட்டுச் சாமான். நாளைக்கு நம் கையில் வரப்போவது மருந்துப் பெட்டி லேபிளாக இருக்கலாம். அதில் ஒரு புள்ளி இடம் மாறினால் 0.5 என்பது 5 ஆகிவிடும். அதை யாரும் கண்ணாடிப் பெட்டியில் வைத்து ரசிக்க மாட்டார்கள். ஒரு உயிர் போகும்.

ஆகவே நண்பர்களே, மெஷின் எவ்வளவு வேகமாக ஓடினாலும் சரி, முதல் தாளைக் கையில் எடுத்து ஒரு தடவை முழுசாகப் படியுங்கள். சந்தேகம் வந்தால் தயங்காமல் நிறுத்தச் சொல்லுங்கள்!