அரைத்தெடுக்கும் மென்பொருள்

2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் புகுந்த வெள்ளத்தை நாம் மறக்கவில்லை. நீர் எவ்வழி பாயும் என்று கணினி கணக்கிட்டால், கிடைப்பவை வெறும் எண்களே. அவற்றைப் படமாக்கிக் காட்டும் மென்பொருள்களுள் ஒன்று, 2002-இல் வெளிவந்த ‘பாராவியூ’. இதற்குக் கட்டணமில்லை, மூலநிரலும் யாவர்க்கும் திறந்தே இருக்கிறது.

கடைத்தூள் போல ஆயத்தமாகவும் பெறலாம். அம்மியில் அரைப்பதுபோல நாமே கட்டியும் எடுக்கலாம். அரைத்தால், காரத்தை நம் விருப்பப்படி கூட்டிக் குறைக்கலாமல்லவா?

முதலில் மூலநிரலை இறக்கிக்கொள்வோம். தேவையான கருவிகள் கணினியில் உள்ளனவா என்று ‘சிமேக்’ பார்த்துச் சொல்லும். பின்னர் தொகுப்பி அதனை இயந்திர மொழியாக்கும். சிறிய கணினியில் இதற்குப் பல மணி நேரம் ஆகும். தடைப்பட்டால், கடைசி வரியை விட்டு, முதற்பிழையைத் தேடிப் படிக்கவேண்டும்.

பெற்றோரே, பிள்ளை நெடுநேரம் திரைமுன் அமர்ந்திருந்தால், விளையாட்டென்று உடனே எழுப்பிவிட வேண்டாம். எதைக் கட்டுகிறாய் என்று கேட்போம்.