கிளட்ச் ப்ளே: அன்றும் இன்றும்

வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் வைத்திருந்தவர் காலையில் எடுத்ததும் ஸ்டார்ட் செய்ய மாட்டார். கிளட்ச் லிவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிக்கரை இரண்டு மூன்று முறை மிதிப்பார். இரவு முழுக்க நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். அவை பிரிந்த பிறகுதான் எஞ்சினுக்கு உயிர் கொடுப்பார். மறந்துபோய் முதல் கியரைத் தட்டினால் 'டங்'கென்று சத்தம் வரும், வண்டி முன்னால் துள்ளி அணைந்துவிடும். 1956 முதல் திருவொற்றியூரில் தயாரான வண்டி அது. அதை ஓட்டக் கற்றவர் கிளட்சையும் சேர்த்தே கற்றார்.

கற்க வேண்டியது முக்கியமாக ஒன்றுதான்: ப்ளே. லிவரை இழுக்கும்போது கிளட்ச் வேலை செய்யத் தொடங்குமுன் கொஞ்ச தூரம் அது சும்மா வர வேண்டும். கேபிள் நாள்பட இழுபடும்போது அந்த ப்ளே கூடும். லிவரை முழுதாகப் பிடித்தாலும் பிளேட்டுகள் சரியாகப் பிரியாது, நியூட்ரல் விழ அடம்பிடிக்கும். பிளேட் தேயும்போதோ நேர்மாறாக ப்ளே குறைந்துகொண்டே வரும். அது அறவே இல்லாமல் போனால், லிவரை விட்ட பிறகும் கிளட்ச் முழுதாகக் கவ்வாது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. லூஸானது கேபிளா, தேய்ந்தது பிளேட்டா என்பதை ப்ளே கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்தே சொல்லிவிடலாம். அப்புறம் லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரைத் திருப்பி, மறுபடி நட்டை இறுக்கினால் வேலை முடிந்தது. ஒரு ஸ்பானரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

1972-இல் வந்த சேட்டக் ஸ்கூட்டரில் இடது கைக்கு இரட்டை வேலை: கிளட்சைப் பிடித்தபடியே கைப்பிடியைத் திருகிக் கியர் மாற்ற வேண்டும். கேபிள் அறுந்தால் நடுவழியில் நிற்க வேண்டியதுதான் என்பதால், டிக்கியில் ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தவர்கள் உண்டு. அந்தத் தொல்லை திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கிளட்ச் லிவர் இல்லாத வண்டியும் நமக்குப் புதிதல்ல. 1980-இல் வந்த டிவிஎஸ் 50-லேயே வேகம் ஏற ஏறத் தானாகக் கவ்விக்கொள்ளும் கிளட்ச் இருந்தது. இன்று அந்த ஏற்பாடுதான் வீட்டு ஸ்கூட்டர்களை ஓட்டுகிறது. மின்சாரமாகத் திரும்பி வந்த சேட்டக்கிலோ பிடிக்கவும் அட்ஜஸ்ட் செய்யவும் எதுவுமே இல்லை.

கார்களில் நடந்த மாற்றம்தான் என்னை யோசிக்க வைக்கிறது. கேபிள் போய் ஹைட்ராலிக் வந்தது. பிளேட் தேயத் தேய, ஆயில் தானே இடத்தைச் சரிசெய்துகொள்கிறது; பெடல் என்றும் ஒரே மாதிரி இருக்கிறது. சுகம்தான். ஆனால் தேய்மானத்தை முன்கூட்டிச் சொன்ன அடையாளமும் அதோடு போய்விட்டது. ஏற்றத்தில் எஞ்சின் உறும, கார் தயங்கும்போதுதான் தெரிகிறது. அடுத்து பெடலே போகத் தொடங்கியது. 2014-இல் செலேரியோ தானாகக் கியர் மாற்றியது. 2020-இல், இருங்காட்டுக்கோட்டையில் தயாரான வென்யூ, கியரைக் கையில் விட்டுவைத்துக் கிளட்ச் பெடலை மட்டும் நீக்கியது. கியர் கம்பியில் கை வைப்பதை சென்சார் உணர, கிளட்சை மோட்டார் இயக்குகிறது. சென்னை நெரிசலில் இடது காலுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று ஓட்டுபவருக்குத் தெரியும்.

ஆனால் பெடல் போனாலும் பிளேட் போகவில்லை. வால்பாறை மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் முன்னால் பஸ் நிற்கும்போது, பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலேட்டராலேயே இத்தகைய காரைப் பிடித்து நிறுத்துகிறவர், ஹாஃப் கிளட்சில் நிற்கிறோம் என்பதை அறியாமலே பிளேட்டை எரித்துக்கொண்டிருப்பார். முன்பு அதே தவற்றைச் செய்தவருக்குக் கால் வலித்தது, அதனால் பிரேக்குக்குப் போனார்.

கியர் பைக்குகள் பெரும்பாலும் இன்னும் கேபிளில்தான் ஓடுகின்றன. ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளில் லிவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. ப்ளே வேண்டும். சர்வீஸுக்கு விட்டு எடுக்கும்போது பில்லைப் பார்க்கிறோம், லிவரைத் தொட்டுப் பார்ப்பதில்லை. 'கிளட்ச் டைட்டா இருக்கு, நல்லா இருக்கு' என்று ப்ளேயே இல்லாத வண்டியை மகிழ்ச்சியோடு ஓட்டிச் செல்கிறவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. நிறுத்தி, அட்ஜஸ்டரை இரண்டு சுற்றுத் தளர்த்திவிட வேண்டும் போலிருக்கும்.