சில நாள் மட்டும் ஸ்டார்ட் ஆகாத மினி டிராக்டர்

பெரியார் அருவி, மேகம் அருவின்னு கல்வராயன் மலையை ரீல்ஸ்ல நிறைய பாத்திருப்பீங்க. இன்னைக்கு அந்த மலையில ஓடுற ஒரு சின்ன வண்டியைப் பத்திப் பேசப்போறேன்.

கள்ளக்குறிச்சியில இருந்து கச்சிராயப்பாளையம் வழியா வெள்ளிமலைக்கு ஏறினா, சரிவுல சின்னச் சின்னக் காடா மரவள்ளி நிக்கும். பெரிய டிராக்டர் அங்க திரும்பவே இடம் பத்தாது. மினி டிராக்டர்தான் தோது. பிடுங்கின கிழங்கு ரெண்டு மூணு நாளுக்கு மேல தாங்காது. உள்ளே கருநீலக் கோடு ஓடும், விலை இறங்கும். அதனால ஒன்பது நாள் ஒழுங்கா ஸ்டார்ட் ஆகி, லோடு ஏத்தின பத்தாவது நாள் படுத்துக்கிற வண்டின்னா வயித்துல புளியைக் கரைக்கும்.

முழுசாக் கெட்டுப்போன வண்டியை விட இதுதான் மோசம். மெக்கானிக் வந்ததும் அது நல்ல பிள்ளையாட்டம் ஸ்டார்ட் ஆகிடும். அவரும் ஒரு யூகத்துல பேட்டரியை மாத்தச் சொல்வார், அடுத்து செல்ஃப் மோட்டாரை. காசு போனதுதான் மிச்சம். இந்தக் கோளாறை வண்டி மக்கர் பண்ற அந்த ரெண்டு நிமிஷத்துலதான் பிடிக்க முடியும்.

முதல்ல காது. ஹெட்லைட்டைப் போட்டுட்டு சாவியைத் திருப்புங்க. ‘டக டக டக’ன்னு அடிச்சு லைட் மங்கினா, பேட்டரியில சார்ஜ் இல்ல, இல்லன்னா கனெக்‌ஷன் சரியில்ல. லைட் பிரகாசமா இருக்க ஒரே ஒரு ‘டக்’ மட்டும் வந்தா, பெரும்பாலும் செல்ஃபுக்குள்ள காண்டாக்ட் அல்லது பிரஷ் தேய்ஞ்சிருக்கும். லைட் அப்படியே எரிய, சத்தமே வரலைன்னா சாவியில இருந்து செல்ஃபுக்குப் போற சின்ன வயர் லைன்ல எங்கேயோ அறுபடுது. செல்ஃப் நல்லா சுத்தியும் இன்ஜின் பிடிக்கலையா? அப்போ கரண்ட்டை விட்டுட்டு டீசல் பக்கம் போங்க: ஃபில்டர் அடைப்பு, லைன்ல ஏர், முழுசா உள்ளே போகாத ஸ்டாப் நாப்.

‘பேட்டரியில 12.6 வோல்ட் காட்டுது, அப்புறம் என்ன?’ன்னு நிறைய பேர் கேப்பாங்க. குழாயில அடைப்பு இருக்கான்னு மூடி வச்சுப் பாத்தா தெரியாதே, திறந்து விட்டாத்தானே தெரியும்! செல்ஃப் சுத்தும்போது 150 ஆம்பியர் இழுக்குதுன்னு வைங்க. டெர்மினல்ல பச்சை பூத்து வெறும் 0.02 ஓம் தடை வந்திருந்தா, 3 வோல்ட் அங்கேயே காலி. செல்ஃபுக்கு மிச்சம் 9 வோல்ட் சொச்சம்தான். மலை ரோட்டு அதிர்வுல அந்த கிளாம்ப் கொஞ்சம் நகர்ந்தா, அன்னைக்கு மட்டும் வண்டி ஸ்டார்ட் ஆகும். ‘சில நாள் மட்டும்’ங்கிற மர்மம் பல தடவை இவ்வளவுதான்.

கண்டுபிடிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ஒரு முனையை பேட்டரியோட நெகட்டிவ் ஈயக் குமிழ் மேலேயே வைங்க, கிளாம்ப் மேல வேண்டாம். இன்னொரு முனை இன்ஜின் பாடியில, பெயின்ட் இல்லாத இடத்துல. ஒருத்தர் செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் வயர்தான் குற்றவாளி. பாசிட்டிவ் குமிழுக்கும் செல்ஃபோட தடிமனான போல்ட்டுக்கும் நடுவுல இதையே செய்யலாம். நான் எர்த்துல இருந்துதான் ஆரம்பிப்பேன். அதை யாரும் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல.

சத்தமே வராத கேஸ்ல முதல் சந்தேகம் கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச் மேல. பெடல் கொஞ்சம் தேய்ஞ்சாலும் சுவிட்ச் முழுசா அமுங்காது. கிளட்ச்சை இன்னும் ஓங்கி மிதிச்சா ஸ்டார்ட் ஆகுதான்னு பாருங்க.

இங்கேதான் நம்ம ஆளுங்க ஸ்க்ரூடிரைவரை எடுத்து செல்ஃபுக்கு ‘டைரக்ட்’ கொடுப்பாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். கியர்ல இருக்கும்போது வண்டி ஸ்டார்ட் ஆகக் கூடாதுன்னுதான் அந்த சுவிட்சே இருக்கு. அதைத் தாண்டி டைரக்ட் கொடுக்கிறவர் நிக்கிறது பின் சக்கரத்துக்கு முன்னால. கியர் விழுந்திருந்தா இன்ஜின் பிடிச்ச நொடியே சக்கரம் அவர் மேல ஏறிடும். உலகம் முழுக்க டிராக்டர் இப்படி ஆள் கொன்னிருக்கு. சரிவுல உருட்டி ஸ்டார்ட் பண்றதும் இதே ரகம்தான். பின்னால லோடு டிரெய்லர் வேற இருந்தா கேக்கவே வேண்டாம்.

அதுக்குப் பதிலா நியூட்ரல் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைங்க. செல்ஃபுக்கு வர்ற மெல்லிய வயர்ல மீட்டரை மாட்டிட்டு ஓரமா தள்ளி நில்லுங்க. சீட்ல இருக்கிறவர் கிளட்ச் மிதிச்சு சாவி திருப்பட்டும். 12 வோல்ட் கிட்ட வந்தும் செல்ஃப் அசையலைன்னா கோளாறு செல்ஃப்ல. வரவே இல்லன்னா சுவிட்ச், ரிலே, ஃபியூஸ்ல. இதை மேல இருந்து போன்ல சொல்லிட்டாலே போதும், கீழ இருக்கிற மெக்கானிக் சரியான பார்ட்டோட மலை ஏறி வருவார்.