"குப்பை" என்று நினைத்தது புற்றுநோய்க்குக் கவசம்!
நுரையீரல் நோயில் விஞ்ஞானிகள் கண்ட அதிசயம்

உடலை நடத்தும் கட்டளைகள் எல்லாம் உயிர் அணுவுக்குள் இருக்கின்றன. முறுக்கிய நூல் ஏணி போன்ற அந்தப் பொருளின் பெயர் டி.என்.ஏ.

அந்தக் கட்டளையை நகல் எடுத்துச் செல்வது ஆர்.என்.ஏ. அதைப் பார்த்து அணு புரதம் செய்கிறது. புரதம் செய்யாத ஆர்.என்.ஏ.க்களும் ஏராளம். "அவை வெறும் குப்பை" என்று பலர் நினைத்தார்கள்.

ஜெர்மனியில்

2003-ல் ஜெர்மனி விஞ்ஞானிகள் நுரையீரல் புற்றுக் கட்டிகளை ஆராய்ந்தார்கள். பிற உறுப்புகளுக்குப் பின்னால் பரவிய கட்டிகளில், அப்படிப்பட்ட ஒரு ஆர்.என்.ஏ. அதிகமாக இருந்தது! அதன் பெயர் 'மாலட்-1'.

ஒட்டுப் போடும் வேலை

டி.என்.ஏ. அறுந்தால், அணு தானே ஒட்டுப் போட்டுக்கொள்ளும். நல்ல அணுவுக்கு அது காவல். புற்று அணுவுக்கோ கவசம்!

ஏன்? கதிர் சிகிச்சை டி.என்.ஏ.யை அறுத்துத்தான் புற்று அணுவைக் கொல்கிறது. சில ஆர்.என்.ஏ.க்கள் ஒட்டுப் போட உதவுகின்றன. புற்று அணு பிழைத்துக்கொள்கிறது.

மருந்து வருமா?

2013-ல் மாலட்-1-ஐ அடக்கும் மருந்தை எலிகளுக்குக் கொடுத்தார்கள். புற்று பரவுவது குறைந்தது.

வேறொரு சிறு ஆர்.என்.ஏ.யை மருந்தாக்கிப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். கடுமையான பக்க விளைவுகளால் 2016-ல் அந்தச் சோதனை நின்றது. ஆராய்ச்சி நிற்கவில்லை.

நுரையீரல் அணுவின் டி.என்.ஏ.யைக் கெடுப்பதில் முதல் குற்றவாளி புகையிலைப் புகை. அதை விட்டுவிட, மருந்து வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை!